முத்திரை விழாத தட்டுகள்

எங்கள் கடையில் ஒரு மர முத்திரை இருந்தது. கைப்பிடி தேய்ந்து, எண்ணெய் ஏறி, கறுப்பாகப் பளபளக்கும். புது இசைத்தட்டு வந்த அன்றே அப்பா அதை ஊதா மையில் ஒற்றி, தட்டின் நடுவிலுள்ள வட்டக் காகிதத்தில் ஒன்று, உறையில் ஒன்று என்று குத்திவிடுவார். சவுண்ட் சர்வீஸின் பெயரும் ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற ஊர்ப்பெயரும் விழும். பக்கத்தில் பேனாவால் வரிசை எண். பல ஊர் ஆட்கள் புழங்கும் கல்யாணப் பந்தலில் தட்டு கைமாறிப் போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. பழைய தட்டு தேடுகிறவர்களுக்கு இது பழகிய காட்சிதான். தமிழ்த் தட்டுகள் பலவற்றில் ஏதோ ஓர் ஊரின் மைக் செட் பெயர் இன்றும் அழியாமல் இருக்கும்.

1976இல் நான் எட்டாம் வகுப்பு. முத்திரை குத்தும் வேலை என்னிடம் வந்திருந்தது. மதுரையிலிருந்து வந்த கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டிருந்தேன். லால்குடி ஜெயராமனின் வயலின், என். ரமணியின் புல்லாங்குழல், திருவனந்தபுரம் வெங்கட்ராமனின் வீணை மூன்றும் சேர்ந்த எல்.பி. ஒன்று கைக்கு வந்தது. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“அதுல குத்தாதடா. அது வீட்டுக்கு.”

கடையை நிரந்தரமாக மூடியபோது முத்திரை விழுந்த தட்டுகள் நானூற்றுச் சொச்சம் இருந்தன. விழாதவை இருபத்து மூன்று. ஒரு பச்சை டிரங்குப் பெட்டியில் அவற்றை நிறுத்தி அடுக்கியிருந்தார் அப்பா. ராத்திரி கதவைச் சாத்திவிட்டு, வீட்டு மனிதர்கள் மட்டும் உட்கார்ந்து ஒரு தட்டைத் தொடக்கம் முதல் கடைசி வரை கேட்பது எங்கள் பக்கத்தில் எவ்வளவு தாமதமாக வந்த வழக்கம் என்பதை அந்தப் பெட்டிதான் எனக்குச் சொல்லியது.

தாத்தா இரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் கணக்கு எழுதியவர். 1938இல் ஊர் திரும்பியபோது கொண்டுவந்த சாமான்களில் ஒன்று சாவி கொடுத்துப் பாடவைக்கும் கிராமபோன். அதை வீட்டுக்குள் வைத்துக் கேட்டதே இல்லை என்பார் அப்பா. சாயங்காலம் திண்ணைக்கு வரும். தெருவில் இருபது முப்பது பேர் கூடுவார்கள். எல்லாரும் நின்றபடிதான் கேட்பார்கள். ஒரு பக்கம் மூன்று நிமிடம், மிஞ்சினால் மூன்றரை. அதற்குள் உட்காருவானேன்? பக்கம் முடிந்ததும் தட்டைப் புரட்ட வேண்டும், சாவி கொடுக்க வேண்டும், ஊசி மாற்ற வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஓர் எஃகு ஊசி. நாய் படம் போட்ட தகர டப்பியில் 200 ஊசி இருக்கும். தேய்ந்த ஊசிகளைக் கொட்டாங்குச்சியில் சேர்ப்பது சிறுவனாக இருந்த அப்பாவின் வேலை.

ஊசி ஏன் அத்தனை சீக்கிரம் தேய்ந்தது என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அந்தத் தட்டு அரக்கால் ஆனது. பாண்டவர்களை எரிக்கக் கட்டிய மாளிகை எதனால் ஆனதோ அதே அரக்கு. புரசு போன்ற மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் சின்னஞ்சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. சோட்டா நாக்பூர்க் காடுகளில் திரட்டிய அரக்குதான் உலகம் முழுதும் தட்டாக வார்க்கப்பட்டது. அரக்கோடு கல்மாவும் பஞ்சுத்தூளும் கரியும் சேரும். கல்மாவு பாதையைச் சொரசொரப்பாக்கி, ஊசிமுனையைத் தனக்கேற்ற வடிவத்துக்கு அரைத்துக்கொள்ளும். பழைய தட்டில் பாட்டுக்குப் பின்னால் மழைபோல் ஓர் இரைச்சல் கேட்கிறதே, அது இந்த அரைபடுகிற சத்தம். ஊசிக்கு மேல் இருந்த தலையின் கனமோ நூறு கிராமுக்கு மேல்.

இந்தியாவில் இந்தத் தொழில் வேர்விட்டது 1902இல். பிரெட் கைஸ்பெர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பாடவைத்தார். பாட்டு முடிந்ததும் அந்த அம்மாள் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். மெழுகில் பதிந்தது கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகரத்துக்குப் போய், அங்கே தட்டாகித் திரும்பியது. 1908இல் கல்கத்தாவின் சியால்தாவிலேயே ஆலை வந்தது. பிறகு அது டம்டமுக்கு மாறியது. தமிழ்நாட்டில் சூடு பிடித்தது 1920களின் பிற்பகுதியிலிருந்து. 1926இல் பத்து வயதுச் சிறுமியாக எம்.எஸ். சுப்புலட்சுமி முதல் தட்டுக்குப் பாடினார். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நாடகம் போகாத ஊர்களுக்கும் தட்டாகப் போனார்கள். 1930களின் தொடக்கத்தில் ஏவி. மெய்யப்பன் கூட்டாளிகளோடு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தி, ஓடியன் தட்டுகளைப் பதிந்து விற்றார். தட்டு வியாபாரம்தான் பிறகு அவரைப் படமெடுக்கக் கொண்டுபோனது.

அந்தக் காலத்துத் தட்டுகளை நான் மதிக்கிறேன். மணிக்கணக்கில் விரிகிற தோடியை இரண்டு பக்கத்தில், ஆறு நிமிடத்துக்குள் டி.என். ராஜரத்தினம் பிள்ளை வாசித்துக் காட்டியது சாதாரணக் காரியமா? ஆனால் அது தேனைக் கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைத்த மாதிரி. மூன்று நிமிடத்தில் மனம் அடங்குவதற்கு இடமில்லை. பாட்டு நம்மைத் தொட்ட நேரத்தில் ஊசி நடுவுக்கு வந்து சொரசொரவென்று சுற்றத் தொடங்கிவிடும்.

அப்பா 1956இல் கடை வைத்தார். ஓர் ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு தட்டுப் பெட்டி. கரண்ட் இல்லாத கிராமத்துக்கு பேட்டரியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போவார். பனைமரத்தின் உச்சியில் குழாயைக் கட்டி, சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டைப் போட்டால் மூன்று மைலுக்குச் சேதி போய்விடும், இன்ன ஊரில் கல்யாணம் என்று. காதுகுத்து, சடங்கு, கோயில் பொங்கல், தேர்தல் எல்லாவற்றுக்கும் தட்டு ஓடியது. தமிழ்நாட்டில் இசைத்தட்டு வாழ்ந்த இடம் தெருதான். பணக்கார வீடுகளில் ரேடியோகிராம் இருந்தது. மற்ற எல்லாருக்கும் தட்டு என்றால் மரத்தின் உச்சியிலிருந்து வருகிற பாட்டு.

குழாய்க்கு ஒரு குணம் உண்டு. அடிக்குரலை அது விழுங்கிவிடும், மேல்குரலைக் கூட்டித் தரும். மிருதங்கத்தில் வலந்தலையின் சொல் கேட்கும், இடப்பக்கத் தொப்பியின் கும்காரம் கேட்கவே கேட்காது. டி.எம். சௌந்தரராஜனும் சீர்காழியும் குழாயில் ராஜாக்களாக இருந்தார்கள் என்றால், அவர்களுடைய குரலின் வலு முழுதும் குழாய் ஏற்றுக்கொள்கிற இடத்தில் இருந்தது என்பதும் ஒரு காரணம். ஏ.எம். ராஜாவைப் போட்டால் காற்றில் கரைந்துவிடுவார். பி.பி. ஸ்ரீனிவாஸின் தட்டைப் பந்தலில் வைத்தால், “அண்ணே, சவுண்டு கம்மியா இருக்கே” என்று மாப்பிள்ளை வீட்டார் வந்து நிற்பார்கள். “ரெண்டு பேரும் வீட்டுக் குரலுடா” என்பார் அப்பா. ஏ.எம். ராஜாவே இசையமைத்த 1959ஆம் ஆண்டுப் படம் ‘கல்யாணப் பரிசு’. அதன் பாடல்களை நாடே பாடிக்கொண்டிருந்த காலத்திலும் அவர் குரலை வீட்டில் சன்னமாக வைத்துக் கேட்டால்தான் அதன் முழுச் சுகம் தெரியும் என்று பிடிவாதமாகச் சொல்வார். இது என் அப்பாவின் கணிப்பு. ஐம்பது வருடமாகச் சோதித்துப் பார்த்துவிட்டேன், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

எல்.பி. வந்த கதை வேறு. 1948 ஜூனில் அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனி அதை வெளியிட்டது. அரக்கு போய் வினைல் வந்தது. பாதை மெலிந்தது. 78 சுற்றுத் தட்டில் ஓர் அங்குலத்துக்கு நூறு வரிக்குள் இருந்தது, இதில் இருநூறுக்கு மேல். சுற்று நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால்சொச்சமாக இறங்கியது. பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடத்தைத் தாண்டியது. இந்திய இசைக்கு இதன் அருமையை உலகம் முதலில் கேட்டது 1955இல். சரோத் மேதை அலி அக்பர் கான் அமெரிக்காவில் பதிந்த தட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரே ராகம், வயலின் மேதை யெஹூதி மெனுஹின் பேசி அறிமுகப்படுத்தியிருந்தார்.

எல்.பி. எங்கள் ஊருக்கு வர 1948இலிருந்து பதினைந்து வருடம் ஆயிற்று. கரண்ட் எட்டாத ஊர்களில் சாவிப் பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்ததால் இந்தியாவில் 78 சுற்றுத் தட்டு 1960களிலும் அச்சானது. பீட்டில்ஸ் பாட்டுகள்கூட டம்டமில் 78 சுற்றாக வந்தன. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்று அவற்றைத் தேடி அலைகிறார்கள். சினிமாப் பாட்டு, நாலு பாட்டுக்கு ஒரு தட்டு என்று இ.பி.யில் வந்தது. 1963இல் எம்.எஸ். பாடிய சுப்ரபாதம் எல்.பி.யாக வந்தபோது கோயில்கள் அதை வாங்கின. அப்பாவும் அதற்காகத்தான் முதன்முதலில் எல்.பி. வாங்கினார். ஊதா முத்திரை, எண் 112.

சவுண்ட் சர்வீஸ்காரருக்கு எல்.பி. கொடுத்த முதல் வரம் சாப்பாடு. கேட்க வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் எங்கள் குடும்பத்துக்கு அது பெரிய விஷயம். பெட்டியை விட்டு மூன்று நிமிடம் நகர முடியாதவருக்குப் பந்தியில் உட்கார வழியில்லை. இருபது வருடத்தில் ஆயிரம் கல்யாணம் பார்த்தவர், முக்கால்வாசியில் பொட்டலம் கட்டி வாங்கி நின்றுகொண்டே தின்றிருக்கிறார். எல்.பி. வந்த பிறகு ஒரு பக்கத்தை வைத்துவிட்டு இலை முன்னால் உட்கார்ந்தார். சாம்பார், ரசம், பாயசம், மோர் என்று நிதானமாகச் சாப்பிட்டு, கை கழுவி வந்து ஊசியைத் தூக்கினார். அதற்காகவே ஒரு நோட்டில் ஒவ்வொரு தட்டின் நேரத்தையும் எழுதினார். ‘முன் பக்கம் 19, பின் பக்கம் 22’ என்று பென்சிலில். திருவிளையாடல் வசனத் தட்டுக்கு ஒரு கோடு அடித்து வைத்திருந்தார், அதைப் போட்டால் ஊரே பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிடும், இடையில் எழுந்து போக முடியாது. கடிகாரம் பாராமலே ஒரு பக்கம் முடியும் நேரத்துக்கு எழுந்து வரும் பழக்கம் அவர் உடம்பில் ஊறிவிட்டது.

முத்திரையில்லாத தட்டுக்கு வித்து போட்டவர் ஒரு மிருதங்க வித்வான். ஆடிப்பூரத் திருவிழாவில் ஆண்டாள் கோயிலில் கச்சேரி, வாசிக்கத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். மத்தியானம் தேரடியில் அப்பா எஸ். பாலசந்தரின் வீணைத் தட்டைக் குழாயில் போட்டிருக்கிறார். வித்வான் பெட்டிக்கு அருகே வந்து உட்கார்ந்தாராம்.

“அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. வீணையக் குழாயில போடாதீங்க. ஒரு நா ராத்திரி கதவச் சாத்திட்டு வீட்டுல வச்சுக் கேளுங்க.”

பிறகு அவர் சொன்னது வீணை தனம்மாள் கதை. சிறுவனாகத் தம் குருவோடு சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டுக்கு ஒரு வெள்ளிக்கிழமை போயிருக்கிறார். தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டில் வாசிப்பார் என்பதும், பெரிய வித்வான்கள் வந்து அசையாமல் கேட்டார்கள் என்பதும் இசையுலகம் அறிந்த செய்தி. நாதம் அவ்வளவு சன்னம். ஒருவர் இருமினால் ஒரு கமகம் போய்விடும். 1932இல் கொலம்பியா அவரைப் பதிந்தபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. அதற்கு ஏழு வருடம் முன்பு மைக் வழியாகப் பதியும் முறை வந்திராவிட்டால் அந்தக் கை எந்தத் தட்டிலும் ஏறியிருக்காது. குழலுக்குள் உரக்கப் பாடிப் பதிந்த பழைய முறைக்கு அந்த நாதம் எட்டியிருக்காது.

ஆகவே வீட்டுக்குள் அடங்கிக் கேட்பது நம் ஊரில் புதிது என்று நான் எழுதியது பாதிதான் சரி. ஜார்ஜ் டவுனில் ஒரு கூடத்தில் அது இருந்தது. தஞ்சாவூர்ப் பண்ணை வீடுகளில் இருந்தது. அது எங்கள் தெருவுக்கு வருவதற்குத்தான் இருபது நிமிடத் தட்டு வேண்டியிருந்தது.

அப்பா ஒரு பழைய காரர்டு பிளேயரை வாங்கினார். தச்சரிடம் சொல்லிப் பலா மரத்தில் பெட்டி செய்து, எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றைப் பொருத்தினார். சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை ஊரே விளக்குப் போடும், வோல்டேஜ் இறங்கும், மோட்டார் தளரும், சுருதி தாழ்ந்துபோகும். அதனால் எங்கள் வீட்டில் தட்டுக்கு நேரம் ஒன்பதரைக்கு மேல். சாப்பாடு முடிந்திருக்கும். அம்மா மறுநாள் பூவைக் கட்ட உட்கார்ந்திருப்பாள். கூடத்துப் பல்பை அணைத்துவிட்டு முற்றத்து விளக்கை மட்டும் வைப்போம். அப்பா தட்டின் ஓரத்தை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்து எடுப்பார், பந்தலில் எடுப்பதுபோல் விரலைப் பதிக்க மாட்டார். சத்தத்தை, அம்மா நாரை இழுக்கும் ஓசை பாட்டுக்கு நடுவில் கேட்கும் அளவுக்கு வைப்பார். அதுதான் அவருடைய அளவு. ஊரிலேயே உரத்த சத்தம் போடுகிற மனிதர், ராத்திரியில் அதைவிடக் கூட்ட விடமாட்டார்.

எந்தத் தட்டு வீட்டுக்கு, எது வாடகைக்கு? அப்பா அதை விதியாகச் சொன்னதில்லை. தட்டை இரண்டு தரம் கேட்பார். முதல் தரம் பாட்டுக்கு. இரண்டாம் தரம், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதற்கு. ஓர் உருப்படி முடிந்து அடுத்தது திடீரென்று எழுந்து உலுக்கினால் அது வாடகைப் பெட்டிக்குப் போகும். பின் பக்கத்தை முதலில் போட்டுப் பார்ப்பார். கம்பெனிக்காரர்கள் நல்லதை முன் பக்கத்தில் வைத்துவிட்டுப் பின் பக்கத்தை ஒப்பேற்றுவது உண்டு. பின் பக்கமும் நின்றால்தான் தட்டு நிற்கும் என்பார். கடைசி உருப்படியை இன்னும் கவனிப்பார். தட்டின் வெளிவிளிம்பில் ஊசிக்கடியில் ஒரு நொடிக்கு ஐம்பது சென்டிமீட்டர் பாதை ஓடுகிறது. நடுவுக்கு வரும்போது இருபதுதான். அதே நாதத்தைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டியிருக்கிறது. உச்சத்தில் போய் முடிகிற பாட்டு அங்கே பிசிறும். அடங்கி முடிகிற உருப்படிக்கு அந்த இடம் போதும். அப்பாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. “கடைசிப் பாட்டு தணிஞ்சு இருந்தா தட்டு அழுவாது” என்பார்.

எம்.எல். வசந்தகுமாரியின் திருப்பாவைத் தட்டை மட்டும் இரண்டு பிரதி வாங்கினார். ஆண்டாள் பிறந்த ஊரில் மார்கழி நாலரை மணிக்கு அது ஒலிக்காமல் முடியுமா? கடை மாடியிலிருந்து பதினோரு நிலைக் கோபுரத்தைப் பார்த்தபடி குழாய் பாடும். முத்திரை குத்திய பிரதி அதற்கு. குத்தாத பிரதியை அம்மா ஆவணியிலும் பங்குனியிலும் கேட்பாள். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டமைத்த பாசுரங்கள், எம்.எல்.வி.யின் அந்தக் கனிந்த குரல். குழாயில் கேட்டபோது ஊரை எழுப்பிய அதே பாட்டு, பலாப்பெட்டியில் கேட்டால் பக்கத்துத் தெருத் தோழி வந்து உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும். எழுத்துக்கு எழுத்து ஒரே தட்டு. இதை நான் அந்த வயதில் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்பது என் பாக்கியம். காருக்குறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் பெட்டியில் இடம்பிடித்ததும் எனக்கு வியப்பு. தெருவுக்கென்றே பிறந்த வாத்தியம் அல்லவா? சத்தத்தைக் குறைத்து வைத்தால் அந்த மூச்சு எவ்வளவு நீளமாக, எவ்வளவு பதமாக ஓடுகிறது என்று தெரியும்.

அம்மா கேட்டு வாங்கியவை இரண்டு, ஏ.எம். ராஜாவும் ஜிக்கியும் பாடிய இ.பி. தட்டுகள். அப்பா அவற்றை மறுபேச்சில்லாமல் டிரங்குப் பெட்டியில் சேர்த்தார்.

இருபத்து மூன்றாவது தட்டு என்னுடையது. 1986இல் மதுரையில் வேலை கிடைத்து, முதல் சம்பளத்தில் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்குக்கும் சமர்ப்பித்த தட்டு. வி.எஸ். நரசிம்மனின் வயலின். அப்பா வழக்கம்போல் பின் பக்கத்தை முதலில் போட்டார். பிறகு முன் பக்கம். ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை எடுத்துப் பென்சிலால் நேரத்தைக் குறித்து, தட்டை டிரங்குப் பெட்டியில் நிறுத்தினார். அந்த நோட்டில் அதற்குப் பிறகு எழுத்து இல்லை.

ஏனென்றால் அதற்குள் கேசட் வந்து கடையை நிரப்பிவிட்டது. தட்டு கீறும், வளையும், பஸ்ஸில் உடையும். கேசட்டுக்கு அந்தக் கவலை இல்லை, ஒரு பக்கம் முப்பது நிமிடம் ஓடும், வேண்டிய பாட்டை வேண்டிய வரிசையில் பதிந்துகொள்ளலாம். அதனால் கேசட்டை நான் குறை சொல்ல மாட்டேன். ஏழை வீட்டுக்குள் பாட்டை முதன்முதலாகக் கொண்டுபோனது அதுதான். 1985 மே மாதம் சென்னையில் மூர் மார்க்கெட் எரிந்தபோது அங்கிருந்த பழைய தட்டுக் கடைகளும் எரிந்தன. 1990களின் தொடக்கத்தோடு இந்தியாவில் தட்டு அச்சாவது ஏறக்குறைய முடிந்துபோனது. 1991இல் அப்பா முத்திரைத் தட்டுகளைச் சாக்கில் கட்டிப் பழைய சாமான் வியாபாரிக்கு எடைக்குப் போட்டார். வி.ஏ.கே. ரங்காராவ் போன்றவர்கள் பல்லாயிரக்கணக்கில் 78 சுற்றுத் தட்டுகளைக் காப்பாற்றி வைத்திருக்கும் செய்தியைப் பின்னால் படித்தபோது, தராசில் ஏறிய அந்தச் சாக்குகள் என் நினைவுக்கு வந்தன. உள்ளே என்ன போயிற்று என்று எனக்குத் தெரியும், வரிசை எண்ணோடு தெரியும்.

இப்போது தட்டு திரும்பி வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2020இல் தட்டு விற்ற பணம் சி.டி. விற்ற பணத்தைத் தாண்டியது. 1980களுக்குப் பிறகு அப்படி நடந்தது அப்போதுதான். என் மகளின் தோழிகள் வந்து, ராத்திரி கேட்க எதை வாங்கலாம் மாமா என்று கேட்கிறார்கள். நான் முதலில் சொல்வது, நூற்றெண்பது கிராம் கனத் தட்டு என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்காதீர்கள் என்பதுதான். தட்டின் கனத்துக்கும் பாட்டின் இனிமைக்கும் பெரிய சம்பந்தமில்லை. பழைய தட்டாக இருந்தால் வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மயிரிழைக் கீறல் பரவாயில்லை, பாதை சாம்பல் பூத்திருந்தால் கனமான ஊசி தின்றுவிட்டது என்று அர்த்தம். நடுத்துளையைச் சுற்றி வட்டக் காகிதத்தில் சிலந்திக்கோடுகள்போல் தடம் இருக்கும், துளையைத் தடவித் தேடிய கைகளின் தடம். கோடு அதிகமென்றால் தட்டு அதிகம் உழைத்திருக்கிறது. உறையை முகர்ந்து பாருங்கள், பூஞ்சை வாடை பாதைக்குள்ளும் போயிருக்கும். ஊதா முத்திரை இருந்தால் அந்தத் தட்டு ஊருக்கெல்லாம் பாடி முடித்துவிட்டது. அதைச் சரித்திரத்துக்காக வாங்கலாம், கேட்பதற்கு வேறு பிரதி தேடுங்கள்.

எந்தப் பாட்டு என்று கேட்டால் வீணை, குழல், வயலின் என்று தொடங்கச் சொல்வேன். சொல் இல்லாத இசைக்கு ராத்திரியில் இடம் அதிகம். பிறகு சன்னமான குரல்கள். வாங்குவதற்கு முன் பின் பக்கத்தைக் கேளுங்கள். ஐந்து தட்டு போதும் ஒரு வருடத்துக்கு. நாங்கள் பதினாலு வருடத்தில் இருபத்து மூன்று சேர்த்தோம், ஒன்றும் குறைவாகத் தெரியவில்லை.

அப்பாவுக்குக் கடைசி எட்டு வருடம் காது கேட்கவில்லை. முப்பத்தைந்து வருடம் குழாயடியில் உட்கார்ந்த காது. டாக்டர் கொடுத்த மிஷினை மாட்டினால் எல்லாமே இரைச்சலாக இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். என்றாலும் ஒன்பதரைக்குப் பலாப்பெட்டி அருகில் நாற்காலியைப் போடச் சொல்வார். டிரங்குப் பெட்டியிலிருந்து அன்றைக்கு எது என்று அவர்தான் எடுத்துத் தருவார். நான் ஊசியை வைப்பேன். அவர் வலது கையின் இரண்டு விரலைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். வீணை என்றால் அந்த அதிர்வு விரலுக்கு வருமா வராதா என்று நான் கேட்டதில்லை.

2009 தை மாதம் ஒரு ராத்திரி லால்குடி, ரமணி, வெங்கட்ராமன் தட்டை எடுத்துத் தந்தார். முன் பக்கம். மூன்றாவது தெருவில் யாரோ நாயை அதட்டிக்கொண்டிருந்தார்கள். கரண்ட் சீராக இருந்தது. நான் பாட்டில் போய்விட்டேன்.

“முடிஞ்சிருச்சு. ஊசியத் தூக்கு” என்றார் அப்பா.

நிமிர்ந்து பார்த்தேன். கடைசி நாதம் தேய்ந்து, ஊசி அப்போதுதான் நடுவட்டத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.